செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் வருதில்லை: வன்னியின் பழைய ஜீப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செல்ஃப் அடிக்கிறது, இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பொனெட்டைத் திறந்ததும் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பம் போய்விட்டது, நோசில் அடிக்கவில்லை, ஹீட்டர் பிளக் எல்லாம் எரிந்துவிட்டது. பம் டீசலை அழுத்தித் தள்ளுவது, நோசில் அதை இஞ்சினுக்குள் பீச்சுவது, ஹீட்டர் பிளக் உள்ளே சூடேற்றுவது. அவர்கள் சொல்வது எல்லாமே நடக்கக்கூடியதுதான். ஆனால் எதையும் கழற்றமுன் காசு செலவில்லாமல் பதில் கிடைக்கும் கேள்விகள் இரண்டு உண்டு: இஞ்சின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா? சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? இவை இரண்டும் தெரிந்தால் பாதிக் காரணங்கள் தாமாகவே விழுந்துவிடும். டீசல் பம்மைக் கழற்றி வவுனியாவுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு சாண் றப்பர் குழாயில் கீறலைக் கண்டுபிடிப்பது இங்கே அதிசயமில்லை.

வன்னியில் வயலுக்கும் காட்டுப்பாதைக்கும் ஓடும் பழைய ஜீப்புகளில் பலவும் டீசல் என்பதால் டீசலைத்தான் விரிவாகச் சொல்கிறேன். பெட்ரோல் ஜீப்புக்கும் பின்னால் இடம் உண்டு.

கை வைக்கமுன்

உங்கள் ஜீப்பில் எந்த இஞ்சின் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். போர்க்காலத்தில் உதிரிப்பாகம் வராத ஆண்டுகளில் கிடைத்ததை எடுத்துப் பொருந்தியதில் பூட்டிய ஊர் இது. லாண்ட் றோவர் உடம்புக்குள் ஜப்பான் டீசல் இருக்கும், ஒரு வண்டியின் இஞ்சினில் இன்னொன்றின் பம் இருக்கும். புளொக்கில் பொறித்த எழுத்தைத் துடைத்து வாசியுங்கள். மிற்சுபிசி 4டிஆர்5 என்றால் 2659 சிசி, வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் இல்லாதது. பஜெரோக்களில் வரும் 4டி56 என்றால் 2477 சிசி, பெல்ட் உள்ளது. டொயோட்டா 2எல், லாண்ட் றோவர் 200டிடிஐ இரண்டும் பெல்ட் இஞ்சின்கள்தான். பெல்ட் இருக்கிறதா இல்லையா என்பது பின்னால் பெரிய வித்தியாசம் தரும். பற்றரியையும் பாருங்கள். பழைய ஜப்பான் டீசல் ஜீப்புகளில் சிலது 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பற்றரி தொடராக இணைத்தது. அதற்கு 12 வோல்ட் பல்பு போட்டுச் சோதித்தால் பல்புதான் போகும்.

நின்ற இடமும் முக்கியம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள பக்கத்தில், சில்லுக்குக் கட்டை தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் உண்டு. காட்டுப் பாதையில் பொழுது பட்டுவிட்டால் ஜீப்பை விட்டுவிட்டு வந்து காலையில் பார்ப்பதே நல்லது. தலையை பொனெட்டுக்குள் வைத்திருப்பவருக்கு யானை வருவது தெரியாது.

கையில் இருக்க வேண்டியது அதிகமில்லை: ஒரு டெஸ்ட் லாம்ப், மல்டிமீற்றர், 10 முதல் 19 வரை சாவிகள், திருப்புளி, குறடு, ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், கிளிப்புகள், சில செப்பு வொஷர்கள், சுத்தமான டீசல் இரண்டு லீற்றர். கியரை நியூட்ரலுக்கு எடுத்து, ஹாண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் கேள்வி: எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே நெருக்கப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இந்தப் பழைய வகைகளில் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்த நேரத்துக்குள் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்துவிடும், மிஞ்சும் சூட்டையும் ஹெட் உறிஞ்சிவிடும். நிமிடத்துக்கு 150 சுற்றுக்குக் குறைந்தால் நல்ல இஞ்சின்கூடப் பிடிக்கச் சிரமப்படும். மீற்றர் தேவையில்லை, காதே போதும். ஒவ்வொரு அமுக்கத்தையும் தனித்தனியாக எண்ண முடிகிறதென்றால் வேகம் போதாது.

பற்றரியில் தொடங்குங்கள். எதுவும் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்தது, 12.2 என்றால் அரைவாசி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி சார்ஜ் இல்லை, அல்லது செத்துவிட்டது. 24 வோல்ட் ஜீப்பில் இரண்டு பற்றரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று நல்லதாகவும் மற்றது சோர்ந்தும் இருப்பது வழமை.

பற்றரி சரி, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் செல்ஃப் மோட்டரைக் கழற்ற ஓடாதீர்கள். ஏர்த் வயரைப் பாருங்கள். மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ் தலையிலும் மற்றதை இஞ்சின் புளொக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் கெட்டுவிட்டது. பொசிட்டிவ் தலைக்கும் செல்ஃப் மோட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மாரியில் சேறு குடித்து, கோடையில் காய்ந்து, சஸியில் பூட்டிய ஏர்த் போல்ட்டின் அடியில் துரு மண்டியிருக்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் தெரியும். ஒரு ஜம்பர் வயரை நெகட்டிவ் தலையிலிருந்து நேராக புளொக்கில் பிடித்துப் பாருங்கள். வேகம் கூடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதற்கு நேர்மாறான குறியும் உண்டு. இஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, அமுக்கத்தின் தாளமே இல்லாமல் சர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். பெல்ட் இஞ்சினில் அது பெல்ட் அறுந்ததன் சத்தம். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரே ஒரு தடவை செல்ஃபைத் தட்டச் சொல்லி, உள்ளே வால்வைத் திறக்கும் றொக்கர் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

எந்த நிலையிலும் செல்ஃபை ஒரே மூச்சில் 15 வினாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த தடவை.

இரண்டாம் கேள்வி: புகை வருகிறதா?

ஒருவரைச் செல்ஃப் அடிக்கவிட்டு நீங்கள் சைலன்சர் முனைக்குப் போங்கள். வெள்ளை அல்லது சாம்பல் புகை, கண்ணை எரிக்கும் பச்சை டீசல் மணம் என்றால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. இந்த ஒரு பார்வையை வைத்துத்தான் அடுத்து எந்தச் சாவியை எடுப்பது என்று முடிவெடுக்கிறோம். இதைப் பார்க்காமல் நோசில் கழற்றுகிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

அப்படியே கையை முனைக்கு அருகில் பிடித்துக் காற்று வருகிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற ஜீப்பின் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது வரம்பில் குத்துப்பட்டுச் சேறு அடைத்திருக்கும். வெளியே போக வழியில்லாத இஞ்சினுக்கு உள்ளே எடுக்கவும் முடியாது.

புகை இல்லை: டீசலைத் தேடிப் போவோம்

மிக எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும். நோசில்களுக்கான பைப்புகள் ஒரே வரிசையாகக் கிளம்பும் நீள வரிசைப் பம் உள்ள ஜீப்புகளில் இஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிள் ஒன்று இருக்கும். அதை இழுத்த பிறகு பம்மில் உள்ள கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் துருவில் இறுகி நின்றுவிடும். நீங்கள் கைப்பிடியை உள்ளே தள்ளிவிடுவீர்கள், பம் மட்டும் 'நிறுத்து' நிலையிலேயே இருக்கும். பம்முக்குப் போய்க் கம்பியை விரலால் அசைத்துப் பாருங்கள்.

அந்தப் பைப்புகள் வட்டமாகக் கிளம்பும் வட்டப் பம் உள்ளவற்றில் பெரும்பாலும் கேபிளுக்குப் பதிலாக மின் வால்வு ஒன்று இருக்கும். பம்மின் பின்பக்கம் உயர் அழுத்தப் பைப்புகள் கிளம்பும் இடத்துக்கு அருகில், ஒற்றை வயரோடு. திறப்பை ஓன் செய்யும்போது அங்கே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டெஸ்ட் லாம்பை அந்த வயரில் வையுங்கள். எரிந்தால் வால்வு கெட்டது. எரியாவிட்டால் பியூஸ், சுவிச், வயர். பற்றரி பொசிட்டிவிலிருந்து ஒரு வயரை நேராகக் கொடுத்துச் செல்ஃப் அடித்தால் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு காரணங்கள் அடிக்கடி அகப்படும். ஒன்று எலி. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலி பொனெட்டுக்குள் குடிவரும், மெல்லிய வயரைத்தான் முதலில் கடிக்கும். மற்றது, களவு போகாமலிருக்க முன்னைய சொந்தக்காரர் சீற்றுக்கடியில் ஒளித்துப் பூட்டிய சுவிச். அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து டாங்கி. முள்ளை நம்பாதீர்கள், குச்சி விட்டுப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் டாங்கியின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பீட் பம், வெற்றிடத்துக்கு எதிராக எவ்வளவுதான் இழுக்கும்?

டீசலின் தரம் அடுத்தது. 2022இல் எரிபொருள் வரிசையும் ஜூலைக்குப் பிறகு கியூஆர் அட்டையும் வந்த காலத்தில் கிடைத்ததைக் கானிலும் பீப்பாயிலும் சேர்த்துவைக்கப் பழகினோம். அந்தப் பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. அரைப் பீப்பாயில் நிற்கும் டீசலுக்குமேல் உள்ள காற்று பகலில் சூடாகி இரவில் குளிரும்போது நீர் ஒடுங்கி அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி போல் படியும். அந்தச் சளிதான் டாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலையை அடைப்பது. பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடியவிடுங்கள். சளி கண்டால் பில்டரை மாற்றினால் மட்டும் போதாது, டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பில்டர் அடுத்த வாரமே அடைக்கும்.

இப்போது ஒரு நல்ல சோதனை. சுத்தமான டீசல் போத்தலை, ஆஸ்பத்திரியில் சேலைன் தொங்கவிடுவதுபோல், பம்மைவிட உயரத்தில் கட்டுங்கள். பம்முக்குள் போகும் குழாயையும், பம்மிலிருந்து திரும்பும் குழாயையும் அதற்குள் விடுங்கள். காற்றை எடுத்துவிட்டு (அதன் ஒழுங்கு கீழே உண்டு) செல்ஃப் அடியுங்கள். பிடித்துச் சீராக ஓடினால் பம்மும் நோசிலும் நல்லவை. குற்றம் டாங்கிக்கும் பம்முக்கும் இடையில்தான். ஒரு கையால் செய்யும் இந்த வேலை பம் கழற்றும் செலவை மிச்சம் பிடித்துத் தரும்.

காற்று என்ற பெரிய தொல்லை

வன்னிப் பழைய டீசல்களில் நான் கண்டவரை மற்ற எல்லாக் காரணத்தையும்விட இதுதான் கூட. குறி தெளிவானது: மாலையில் நன்றாக ஓடி வந்து நின்ற ஜீப், காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தபிறகே இரும இரும எழும்பும். ஏதோ ஒரு மூட்டில் காற்று புகுந்து, இரவு முழுக்க டீசல் டாங்கிக்கே வடிந்துவிடுகிறது. மூக்கு மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தினால் இன்னும் மோசம். நாளாக ஆக ஒருநாள் எழும்பாமலே விட்டுவிடும்.

இதில் ஏமாற்றும் விஷயம், காற்று புகும் இடத்தில் டீசல் ஒழுகாது என்பது. டாங்கிக்கும் பீட் பம்முக்கும் இடையில் குழாய் உறிஞ்சும் பக்கம். வெளிக் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. ஆகவே ஈரம் தேடிப் பயனில்லை. பில்டரிலிருந்து பம்முக்குப் போகும் குழாயில் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டைப் போட்டு, டீசலைக் கையால் ஏற்றும் கைப் பம்மை அடித்து, செல்ஃபும் அடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் காற்று. அந்தத் துண்டை ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கி டாங்கிப் பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், குமிழி எங்கே மறைகிறதோ அந்த இடத்துக்கும் கடைசியாகக் குமிழி தெரிந்த இடத்துக்கும் இடையிலுள்ள மூட்டுத்தான் ஆள்.

பார்க்க வேண்டியவை: வெயிலில் காய்ந்து நுனியில் வெடித்த றப்பர் குழாய்கள், பலமுறை இறுக்கித் தட்டையாகிப்போன செப்பு வொஷர், கைப் பம்மின் உள் றப்பர், பில்டர் மூடியின் வட்ட றப்பர், நோசில்களிலிருந்து திரும்பும் துணி சுற்றிய மெல்லிய குழாய். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. மலிவான குழாய், ஆனால் காலை ஸ்டார்ட்டைக் கெடுக்க அது ஒன்றே போதும். வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவது ஊர் போய்ச் சேரும்வரை சரி. அப்புறம் முழுதாக மாற்றிவிடுங்கள்.

காற்றை எடுக்கும் ஒழுங்கு இது:

1. பில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப் பம்மை அடியுங்கள். நுரை வரும், பிறகு குமிழியில்லாத டீசல் வரும். அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள்.
2. டீசல் பம்மில் தனியாகக் காற்றுத் திருகு இருந்தால் அதிலும் இதே வேலை.
3. கைப் பம் கல்லாக இறுகும்வரை அடியுங்கள். எவ்வளவு அடித்தும் இறுகவில்லை என்றால் காற்று இன்னும் புகுகிறது, அல்லது கைப் பம்மின் வால்வு போய்விட்டது.
4. நோசில்களின் உயர் அழுத்தப் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டொப் கேபிள் அல்லது மின் வால்வு திறந்த நிலையில், அக்சிலறேற்றரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். நட்டின் அடியில் டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும்.
5. வந்ததை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மூன்றாவதை இறுக்கும்போதே பெரும்பாலும் இஞ்சின் முனகத் தொடங்கும்.

நான்காவது வேலையில் கையையும் முகத்தையும் தள்ளியே வையுங்கள். நோசில் திறப்பது 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில். அந்தப் பீச்சல் தோலுக்குள் புகுந்தால் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் கை அழுகிப்போகும் அளவுக்கு ஆபத்தானது. பட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போய்விட்டது என்று சொல்லுங்கள்.

பம்முக்குள் சுத்தமான டீசல் போகிறது, ஸ்டொப் திறந்திருக்கிறது, காற்றும் எடுத்தாகிவிட்டது, ஆனால் நோசில் நட்டில் ஒன்றும் துடிக்கவில்லை என்றால் மட்டும்தான் பம்மைச் சந்தேகிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நின்ற ஜீப்பில் உள்ளே அசைய வேண்டிய துண்டுகள் பிசினில் ஒட்டியிருக்கும். இது வீட்டில் சுத்தியலால் தீர்க்கும் வேலையில்லை. டீசல் பம் சோதிக்கும் மேசை உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் வருகிறது, சூடு போதாது. ஹீட்டர் பிளக்கில் தொடங்குவோம். "இந்த வெக்கையில் எதற்கு ஹீட்டர்?" என்று வயரைக் கழற்றிவிட்டு ஓடும் ஜீப்புகள் இங்கே ஏராளம். இஞ்சின் இளமையாக இருந்தவரை அது பொய்யில்லை. ரிங் தேய்ந்தபிறகு மார்கழிக் காலையில் அதே ஜீப் வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பற்றரி பொசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாதது செத்தது. பிறகு திறப்பை ஹீட்டர் நிலையில் வைத்து அந்தத் தகட்டுக்கு மின் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பியூஸோ ரிலேயோ. லாண்ட் றோவரின் பழைய 2.25 லீற்றர் டீசலில் பிளக்குகள் தொடராக இணைந்தவை, ஒன்று அறுந்தால் நாலும் போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: பிளக்கில் பொறித்த வோல்ட்டை வாசிக்காமல் நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். வேகமாகச் சூடாகும் சில பிளக்குகள் 6 வோல்ட்டுக்குச் செய்தவை, கொஞ்ச நேரத்தில் எரிந்துவிடும்.

எயார் பில்டரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். கிரவல் வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய ஜீப்பின் எண்ணெய்த் தட்டுப் பில்டருக்குள் செம்மண் களியாகவே கிடக்கும்.

பெட்ரோல் நனைத்த துணியை எயார் குழாயில் பிடிப்பது, ஈதர் அடிப்பது இரண்டும் நான் சொல்லமாட்டேன். ஹீட்டர் சூடாக இருக்கும்போது அது உள்ளெடுக்கும் குழாயிலேயே வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் நேரம் தப்பிப் பற்றி ரிங்கை உடைக்கும். அப்படி எழுப்பப் பழக்கிய இஞ்சின் பிறகு அது இல்லாமல் எழும்பாது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அதற்குள் ரிங் போயிருக்கும்.

ஹீட்டர் நல்லது, வேகமும் உண்டு, புகையும் வருகிறது என்றால் கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருங்கும் அழுத்தம். கேஜ் வைத்துப் பார்த்தால் இந்த வகை இஞ்சின்களில் 400 பிஎஸ்ஐ அளவில் நல்லது, 300க்குக் கீழே தொல்லை. சரியான எண் அந்த இஞ்சினின் புத்தகத்தில் இருக்கும். கேஜ் இல்லாவிட்டால் உழவு மெசினைக் கூப்பிடுங்கள். ஜீப்பை இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் போட்டு மெதுவாக இழுத்து கிளச்சை விடும்போது உடனே பிடித்து, செல்ஃபில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், குற்றம் சுற்றும் வேகத்திலோ கொம்பிறசனிலோ இருக்கிறது. பெல்டைச் சந்தேகித்தால் இழுக்கக்கூடாது. தண்ணீருக்குள் போன ஜீப்பையும் இழுக்கக்கூடாது.

ரிங் மாற்ற முடிவெடுக்கமுன் வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். பழைய இஞ்சினில் வால்வு இருக்கைக்குள் தேய்ந்து இறங்க இறங்க அந்த இடைவெளி சுருங்கும், கடைசியில் வால்வு முழுதாக மூடாது. ஒரு பீலர் கேஜும் ஒரு மாலைப் பொழுதும் போதும். இழந்த கொம்பிறசனில் ஒரு பங்கு திரும்பி வந்தால் அதுவே லாபம்.

கடைசியாக டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும். சமீபத்தில் யாராவது பெல்ட்டையோ பம்மையோ தொட்டிருந்தால் இதைக் கடைசிக்கு விடாமல் முதலாவதாகவே பாருங்கள். நேற்றுவரை ஓடிய ஜீப் இன்று நிற்கிறது என்றால், நேற்று எதைத் தொட்டோம் என்பதுதான் கேள்வி.

சூட்டில் மட்டும் எழும்பாத ஜீப்

காலையில் எழும்பும். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றிவிட்டுத் திரும்ப அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி எழும்பும். வட்டப் பம்மில் இது தேய்மானத்தின் அடையாளம். சூட்டில் டீசல் தண்ணீர்போல் இளகி, தேய்ந்த இடைவெளிகளால் கசிந்து, செல்ஃபின் மெதுவான சுற்றில் அழுத்தம் கட்ட முடியாமல் போகிறது. நனைத்த துணியைப் பம்மின் மேல் போட்டு மெல்லக் குளிர வையுங்கள். வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டாம், சூடான பம் திடீரென்று சுருங்கி இறுகிவிடும். துணி போட்டதும் எழும்பினால் பம் வேலை வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு பம்கள் தேய்ந்தன என்பதற்கும் ஒரு கதை உண்டு. இந்தப் பம்களுக்கு உள்ளே எண்ணெய் கிடையாது, டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறும்வரை மண்ணெண்ணெய் டீசலைவிட மிக மலிவு. கலந்து ஓடியவர்களைக் குறை சொல்ல முடியாது, வயல் காத்திருக்காது. ஆனால் அதன் பில் இப்போது வருகிறது.

பெட்ரோல் ஜீப் என்றால்

சுசுகி எஸ்ஜே410, பழைய வில்லிஸ், பெட்ரோல் லாண்ட் றோவர் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, உலோகப் பகுதி புளொக்கில் படும்படி வைத்து, கழற்றிய துளையிலிருந்து விலக்கிப் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் பாதி வேலைதான் நடக்கிறது.

பொறி இல்லை என்றால், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் கொயிலுக்குத் திறப்பு ஓன் நிலையில் மின் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறவுங்கள். மழைக்காலத்தில் உள்ளே வியர்த்திருக்கும், காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி ஜீப் எழும்பும். மூடியில் மயிரிழை போல் கரிக்கோடு ஓடியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்ளே திறந்து மூடும் பொயிண்ட் திறக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். முகம் கருகியிருந்தால் மெல்லிய அரம் போட்டுத் துடைத்து ஓட்டலாம். திரும்பத் திரும்பக் கருகினால் கண்டன்சர்.

பொறி நல்லது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. எயார் பில்டரைக் கழற்றி, காபரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டு அக்சிலறேற்றரை ஒருமுறை இழுங்கள். பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் மிதவை ஊசி ஒட்டியிருக்கும், அல்லது பெட்ரோல் பம்மின் றப்பர் கிழிந்திருக்கும். பிளக் நனைந்து மணந்தால் எதிர்ப் பிரச்சினை. சோக்கை விட்டு, அக்சிலறேற்றரை முழுதாக மிதித்து அடித்துக் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் நின்ற ஜீப்புக்குப் பம்முக்கும் காபரேட்டருக்கும் இடையிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைக்கும், அந்தக் குழாயில் ஈரத்துணி சுற்றினால் தெளியும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய இஞ்சின்கள் இவை. அப்போது ஓடியது என்று இப்போதும் அதைச் செய்பவர்கள் உண்டு. அந்த இஞ்சின்களின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குக் கரி எவ்வளவு படியும் என்று தெரியும்.

தண்ணீர் கடந்து வந்த ஜீப்

வடகீழ்ப் பருவமழையில் குளங்கள் வான் பாயும்போது பாதைக்குமேல் தண்ணீர் ஓடும். அதற்குள் நின்றுபோன ஜீப்பில் மேலே சொன்ன ஒழுங்கு செல்லாது. செல்ஃபைத் தொடவே வேண்டாம். எயார் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், நெருக்க முடியாத தண்ணீருக்கு எதிராகப் பிஸ்டன் தள்ளும்போது கொனெக்டிங் ராட் வளையும்.

முதலில் ஜீப்பைத் தண்ணீரை விட்டு வெளியே, கியர் நியூட்ரலில் இழுத்தெடுங்கள். எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் நல்ல காலம். நனைந்திருந்தால் டீசலில் ஹீட்டர் பிளக் அல்லது நோசில் எல்லாவற்றையும், பெட்ரோலில் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துளைகளுக்கு முன்னால் யாரும் நிற்காதபடி பார்த்துச் செல்ஃபை அடியுங்கள். தண்ணீர் பீச்சி வரும். வருவது நின்றபிறகு பூட்டலாம். ஒயில் குச்சியில் பால்தேநீர் நிறம் கண்டால் ஒயிலையும் பில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. டாங்கி மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீர் போயிருக்கலாம் என்பதால் பில்டர் அடியை மறுபடி வடித்துப் பாருங்கள். இஞ்சின் எழும்பியபிறகு கியர்பெட்டி, முன் பின் டிப்ரன்சல் ஒயில்களையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது சீல் வழியாகவும் மூச்சுத்துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சியிருக்கும்.